எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் ஓர் அடுப்பு

மில் மூடிய அன்று என் கணவர் வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்தார். டிபன் கேரியரைத் திறந்தால், காலையில் நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம் கை படாமல் இருந்தது. "சாப்பிடலியா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டேன். பதில் இல்லை. முன்னால் போய் நின்று மறுபடி கேட்டேன்.

"கேட்டுல பூட்டுப் போட்டுட்டானுவ," என்றார்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் மெசின் பழுது பார்க்கும் பிட்டர். இருபது வருஷத்துக்கு மேல் அதே ஹாலில், அதே ரிங் ஃப்ரேம் மெசின் வரிசைக்கு நடுவில் நின்றவர். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அதே மில்லில் கோன் வைண்டிங்கில் நூல் சுற்றும் வேலையில் இருந்தேன். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்போம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. எங்கள் வீட்டில் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுவோம், டிவி தெருமுனை வரைக்கும் கேட்கும். மில்லுக்காரர் வீடென்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அதை ஒரு நோவாக நான் நினைத்ததே இல்லை.

மற்ற மில்களில் கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிற வேலைக்கும் வடக்கேயிருந்து பையன்களைக் கூட்டி வந்து அங்கேயே தங்கவைத்துக்கொண்டார்கள். நாற்பத்தைந்து வயசு பிட்டர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளில் சில நாள் போனார். அங்கே தறிகளே பாதி நாள் சும்மா கிடந்தன. ஒரு ஜவுளிக்கடையில் வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்தும் வேலை கிடைத்தது. ஒரு வாரத்துக்குள்ளேயே, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு முதலாளி சரியாகப் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் மில் கேட்டுக்கு எதிரில் போய் உட்கார ஆரம்பித்தார். அவரைப்போல வேறு சிலரும் ஷிஃப்டுக்குப் போகிற மாதிரியே சட்டை மாட்டிக்கொண்டு அங்கே வருவார்கள். பிறகு அதுவும் நின்றது. பகலெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தார். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனபோது, "எனக்கு அங்க போக இஷ்டமில்லம்மா" என்று அவளாகவே முந்திக்கொண்டு சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

என் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் தம்பி டிப்ளமா முடித்துவிட்டு ராஜஸ்தானில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை செய்கிறான். ரிக் என்றால் பாலைவனத்தில் நிற்கும் ஓர் இரும்புக் கோபுரம். அதிலிருந்து குழாயைக் குழாயோடு முடுக்கிப் பூமிக்குள் இறக்கிக்கொண்டே போவார்கள். அந்தத் தடவை லீவில் வந்தவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். படுத்திருந்த என் கணவரைப் பார்த்தான். பிறகு அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"அத்தான், எங்க காண்ட்ராக்டர் தெரிஞ்ச ஆளா இருந்தாத்தான் எடுப்பாரு. மெசின் கை பழகின ஆளு ஒங்கள மாதிரி யாரு இருக்கா? எங்கூட வாங்க."

"இந்த வயசுலயா மாப்ளே?"

"அம்பது வயசுக்காரரு எங்க ரிக்குல ஏறி எறங்குதாரு. அக்காவையும் கூட்டிட்டு வாங்க. ரிக்குல பொம்பளைகளைச் சேக்க மாட்டாங்க. ஆனா பக்கத்து ஊருல ஆளுங்க தங்குறதுக்கு ஒரு வீடு எடுத்திருக்கோம். அங்க நம்ம பக்கத்துச் சமையலுக்கு ஆள் இல்லாம எல்லாரும் ரொட்டிய மென்னுக்கிட்டு கெடக்கோம். நீங்க ரிக்குல, அக்கா அடுப்புல. குடும்பமா வந்துருங்க."

என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மகள் பிளஸ் டூ முடிக்கும்வரை ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி மனைவியிடம் இருப்பது, நாங்கள் இருவரும் தம்பியோடு போவது என்று முடிவாயிற்று. ராஜபாளையத்து வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவைத்தோம். கட்டிலையும் பீரோவையும் தம்பி வீட்டுக்கு அனுப்பினோம். எங்கள் வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். அங்கே ஆந்திராப் பையன்களும் இருப்பார்கள் என்று கேட்டதும், ஏற்கெனவே எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையோடு இன்னும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்.

ரிக் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகத் தம்பி ஒரு நாள் என் கணவரைப் பக்கத்திலிருக்கும் சோழபுரத்துக்குக் கூட்டிப்போனான். நானும் போனேன். ஒரு தோட்டத்தில் போர்வெல் லாரி நின்று தண்ணீருக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தது. "இதோட பெரியண்ணன்னு வச்சுக்கோங்க," என்றான் தம்பி. அந்த இரைச்சலுக்குள் போய் நின்றதும் என் கணவருக்கு முகமே மாறிவிட்டது. குழாய் எப்படிப் பூட்டுகிறது, எங்கே பல் கடிக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்தார். லாரிக்காரப் பையனிடம் என்னவோ கேட்டுச் சிரித்தார். அவ்வளவு நேரமும் துளையிலிருந்து வெள்ளைத் தூசிதான் வந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் வரப்பில் குத்தவைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். நாங்கள் கிளம்பும்வரை தண்ணீர் வரவில்லை.

வீட்டில் மகள் தன் மாமாவிடம் கேட்டு எழுதிக்கொண்ட இந்தியை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "ஊபர்னா மேல. நீச்சேன்னா கீழ. ருக்கோன்னா நில்லு. ஹட்டோன்னா வெலகு." அவள் வாயைப் பார்த்து அவர் பிசகாமல் திருப்பிச் சொன்னார். ஒரு சாயங்காலம் அவள் அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ எடுத்துக்கொண்டே "ஹட்டோ" என்றாள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இன்னும் சத்தமாகச் சொன்னாள். அப்போதும் அவர் அசையவில்லை.

அவள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "அம்மா, அப்பாவுக்குக் காது கேக்கல."

"மில்லுக்காரங்க எல்லாருக்கும் அப்படித்தான்டி," என்றேன்.

"இல்லம்மா. சுத்தமாவே கேக்கல."

நான் அரிசி களைவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது.

வேலைக்குச் சேருமுன் உடம்பு பரிசோதனை மதுரையில். தம்பியும் நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். ரத்தம், கண், நெஞ்சுப் படம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. கடைசியாக அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கிறபோதெல்லாம் அதை அழுத்த வேண்டும். வெளியே ஒரு பெண் மெசினைத் திருகிக்கொண்டிருந்தாள். என் கணவர் அவள் விரலையே பார்த்தார். விரல் அசைந்ததும் அழுத்தினார். அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப்போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. உள்ளே அவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காத்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். மில்லில் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்ப்பாரே, அதே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். "கீச்சுச் சத்தம் எதுவுமே இவருக்கு எட்டல. இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல."

"காதுக்கு மெசின் வச்சுக்கிட்டா சரியாயிருமா சார்?" என்று தம்பி கேட்டான்.

"வீட்டுல பேச உதவும். ரிக்குக்கு அத ஒத்துக்க மாட்டாங்க. மேலருந்து ஒரு கம்பி விழுது, ஒருத்தன் வெலகுன்னு கத்துறான். இவரு திரும்பிப் பாத்தாத்தான் தெரியும்னா, திரும்புறதுக்குள்ள முடிஞ்சு போகும். நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் கணவர் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு மூன்று வரிசை முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக ஏறி, அவரைச் சுற்றி நின்று சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர் தலை ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

தம்பி லீவு முடிந்து தனியாகக் கிளம்பிப்போனான். சொல்லிவைத்தபடி வீட்டைக் காலி செய்யும் நாளும் வந்தது. ராஜபாளையத்தில் வீடு இல்லை, ராஜஸ்தானில் வேலை இல்லை என்று ஆகி, ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி வீட்டுக் கூடத்தில் பாயை விரித்தோம். தம்பி மனைவி முகம் கோணாமல்தான் நடந்துகொண்டாள். அவள் அப்படி இருக்க இருக்க என் கணவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் பாயிலேயே கிடந்தது. நானும் மகளும் பஸ் ஏறி ராஜபாளையம் போனோம். மில் கேட்டில் யாரும் இல்லை. பஞ்சு மார்க்கெட்டில் விசாரித்தோம், பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். ரயில்வே கேட் பக்கம் போகலாம் என்று மகள் சொன்னாள். "நீ இங்கயே இருட்டி" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போய், தண்டவாளம் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த நடையில் என் மனசில் ஓடியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, ஆட்டோ பிடித்துச் சோழபுரத்துக்குப் போகச் சொன்னேன். தண்ணீர் வராத அந்தத் துளையின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். துளையை ஒரு கல்லால் மூடியிருந்தார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

மகளை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் எதிரில் போய்க் குத்தவைத்தேன். "வீட்டுக்கு வாங்க."

"எந்த வீட்டுக்கு?" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "அடுப்பு வேலைக்கு யாரும் காதப் பாக்க மாட்டாங்க. நான் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லப்போறேன். நீங்க வந்தாலும் போறேன், வரலேன்னாலும் போறேன். எம்புட்டு நாளைக்கு தம்பி வீட்டுக் கூடத்துல கெடக்குறது?"

"நான் வந்து என்ன செய்ய? வெங்காயம் உரிக்கவா?"

"ஆமா. வெங்காயம் உரிங்க."

வெகுநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல. பிறகு எழுந்து சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

கிளம்பும் நாளில் மகள் ஸ்டேஷனுக்கு வந்தாள். ரயில் நகர்ந்தபோது கூடவே நடந்து வந்து, "அம்மா, ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஊரைப் பற்றி என்ன சொல்வது? கண்ணுக்கு எட்டிய தூரம் முள்ளும் மணலும். தண்ணீர் உப்பு. பருப்பு வேகவே வேகாது. ஆட்கள் தங்கும் வீட்டில் ஒரு ஷிஃப்ட் தூங்கும்போது இன்னொரு ஷிஃப்ட் சாப்பிட வரும். நான் தமிழ்ப் பையன்களுக்குச் சமைக்கப் போவதாக நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே பீகார்க்காரர்கள், அஸ்ஸாம்காரர்கள், ஆந்திராக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். சப்பாத்தி மலையாக வேண்டும். என் சப்பாத்தி அப்பளம்போல உடைந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். காண்ட்ராக்டரின் ஆள் வந்து, இந்த மாசத்துக்குள் சரியாகவில்லையென்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்று தம்பியிடம் இந்தியில் சொல்லிவிட்டுப் போனான். தம்பி அதை எனக்குச் சொல்லாமல் மறைக்கப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஒரு ஆந்திராப் பையனிடம், வீட்டுக்காரம்மா சொல்லிக்கொடுத்த தெலுங்கில், சாப்பிட்டாயா என்பதற்கு "அன்னம் தின்னாவா" என்று கேட்டேன். அவன் தட்டோடு அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். அவன்தான் மாவில் எப்போது எண்ணெய் விட வேண்டும், எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தான். மாவு பிசைவதை என் கணவர் எடுத்துக்கொண்டார். பிட்டர் கை, மாவு பந்தாக உருண்டு வந்தது. நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ரிக்குக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஜீப்பில் அவரும் போவார். சட்டியையும் கேனையும் கேட்டுக்கு உள்ளே ஒரு கொட்டகையில் இறக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலைக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்திருந்தார்கள். தினமும் அதைத் துடைத்து ஆணியில் மாட்டுவார். ரிக்கில் இன்றைக்கு என்ன நடந்தது, எத்தனை குழாய் இறக்கினார்கள் என்று சாப்பிடும்போது சொல்வார். அப்படிப் போய்வருவதுதான் அவரைத் தாங்கி நிறுத்துகிறது என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஜீப் வழக்கத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்தது. தம்பியும் கூட வந்திருந்தான், முகமெல்லாம் வேர்வை. என் கணவர் ஹெல்மெட் இல்லாமல் இறங்கி நேரே கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"என்னலே ஆச்சு?" என்றேன்.

விஷவாயு வந்தால் அடிக்கும் அலாரம் ஒன்று ரிக்கில் உண்டு என்று தம்பி சொன்னான். அடிக்கடி அதை ஒத்திகைக்கு அடிப்பார்கள். அடித்ததும் போட்டது போட்டபடி கிடக்க, எல்லாரும் காற்று வரும் பக்கம் ஓடி ஒரே இடத்தில் கூட வேண்டும். அன்றைக்கு அடித்தார்கள், எல்லாரும் ஓடினார்கள். எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள் குறைந்தது. என் கணவர் கொட்டகையில் ரசக் கேனை இறக்கிவைத்துவிட்டு, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதுகாப்பு அதிகாரி பின்னாலிருந்து கத்தியிருக்கிறார். இவர் திரும்பவில்லை. கடைசியில் தம்பிதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

"நெசமா வாயு வந்திருந்தா..." என்று தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இனிமே அத்தான் கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க அக்கா."

கொல்லையில் அவர் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிவைத்த பாத்திரம் அது. நான் எதிரில் போய் நின்றதும், "எல்லாரும் ஓடுனத நான் பாக்கவே இல்லட்டி," என்றார். "குனிஞ்சிருந்தேன். நிமிந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. எல்லாம் சாப்பிடப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவர் அழுதார். மில் மூடியபோதும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தபோதும் அழாதவர், பாத்திரத்தைக் கீழே வைக்காமலே அழுதார். அவர் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் அடுப்படியோடு இருந்தார். ஒரு வருஷம்போல அப்படி ஓடியது. தட்டுகள் காலியாகத் திரும்ப ஆரம்பித்தன. காண்ட்ராக்டரின் ஆள் என்னை "சேச்சி" என்று கூப்பிட ஆரம்பித்தான். தென்பக்கத்துப் பெண்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையன்களுக்கு எதுவும் தேவையென்றால் என்னிடம்தான் கேட்பார்கள். என் கணவரும் என்னிடம்தான் கேட்பார், இன்றைக்கு என்ன நறுக்க வேண்டும் என்று.

பிறகு அந்த இடத்தில் தோண்டுவது முடிந்து ரிக்கைப் பிரித்தார்கள். வீட்டையும் காலி செய்தார்கள். அடுத்த இடம் முடிவானதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். தம்பியை வேறொரு ரிக்குக்கு அனுப்பினார்கள். நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, மறுபடி அதே கூடத்தில் பாயை விரித்தோம்.

ராஜபாளையத்துக்கு ஒரு சோலியாகப் போனபோது, மில்லில் அவரோடு இருந்த ஒருவர் டீக்கடையில் எங்களைப் பிடித்துக்கொண்டார். "ஆயில் கம்பெனியில இருக்கியாமே. என்ன வேல? எனக்கும் ஒரு வழி பண்ணுப்பா."

என் கணவர் மெக்கானிக் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்து நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"சமையல்ல இருக்கேன்," என்றார் அவர். "எம்பொண்டாட்டிதான் மேஸ்திரி. நான் மாவு பெசையுறேன்."

அந்த மனுஷர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. டீ கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார், "தங்கச்சி, பாத்திரம் கழுவ ஒரு ஆளு வேணும்னா சொல்லுமா." அவர் எங்கள் ஹாலில் ஆட்களை மேற்பார்க்கும் ஜாபராக இருந்தவர். ஒரு காலத்தில் அவர் நடந்து வந்தால் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம்.

காண்ட்ராக்டரிடமிருந்து போன் வராமல் நாள் போய்க்கொண்டே இருந்தது. மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் காத்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டார்கள். ரிக் அஸ்ஸாமுக்குப் போகிறது, உடனே கிளம்ப முடியுமா என்றார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. வருகிறோம் என்றேன். பாத்திரம் கழுவ எங்களோடு இன்னொரு ஆள் வருவார் என்றும் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள்.

என் கணவர் எதிரில் உட்கார்ந்து விவரம் சொன்னேன்.

"அங்க மழ பெய்யுமாமே," என்றார். பிறகு, "பிள்ளைக்குப் பரீட்ச முடியுற வரைக்கும் நீ இருந்துட்டு வா. நான் முன்னால போய் அடுப்பப் பத்தவைக்கேன்," என்றார்.

"நீங்க தனியாவா?"

"பாத்திரம் கழுவ அவனும் வாரானே. பின்னாலருந்து யாராவது கூப்ட்டா அவன் என்னத் தொட்டுச் சொல்லட்டும்."

மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் இருந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் போங்க. நான் எழுதிக்கிடுவேன்," என்றாள். அப்படிச் சொன்னாளே தவிர, நான் எழுந்து அடுப்படிக்குப் போனபோது பின்னாலேயே வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.